பூமாரியின் கண்ணும் இருட்டுப் படமும்

பூமாரிக்குச் சோறு போடுவது அவள் கண். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பிள்ளைப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, செல்போன் கம்பெனியில் ஆறு வருஷமாகத் திரை சோதிக்கிறாள். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பாள்; கடுகில் பாதியளவு புள்ளி இருந்தாலும் தூக்கி ஓரம் வைத்துவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று லைனில் கேலி பேசினாலும், அந்த சீட்டுக்குத் தனி மரியாதை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் கண் பரிசோதனை நடக்கும். தேறாதவர்களுக்கு அந்த சீட் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு மாதமாக லேப்டாப்பில் படம் போட்டால் ஒரே இருட்டு. ராத்திரிக் காட்சி வந்தால் மூக்கு எது முழி எது என்று தெரியவில்லை. கம்பெனியில் செய்கிற மாதிரியே லேப்டாப்பையும் சோதித்தாள். வெள்ளை பளிச்சென்று இருந்தது. மற்ற நிறங்களிலும் குறையில்லை. திரை பாஸ். அப்படியானால் பழுது தன் கண்ணில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள் மகராசி.

கூடத் தங்கியிருக்கும் கனிஷ்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும் அதே லைன் ஆயிற்றே, விஷயம் பரவிவிடும் என்று பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பரிசோதனையில் தோற்று அவமானப்படுவதைவிட நாமே விலகிவிடலாம் என்று, பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் முனிரத்தினத்திடம் புதன்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் இருவரும் படம் பார்த்தார்கள்.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. ஒரு மாசமா படம் இருட்டாவே தெரியுது. உங்க லேப்டாப்பைக் குறை சொல்லக் கூடாதுன்னு சும்மா இருந்தேன்" என்றாள் கனிஷ்கா.

பூமாரி விருட்டென்று திரும்பினாள். "ஏட்டி, ஒனக்கும் இருட்டாவா தெரியுது?"

கனிஷ்கா செட்டிங்கைத் திறந்தாள். இருட்டுக் காட்சி வந்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைத் தானாகவே குறைக்கிற வசதி ஒன்று, போன மாத அப்டேட்டில் தானே ஆன் ஆகியிருந்தது. வெள்ளைத் திரையைப் போட்டால் அது வேலை செய்யாது. சோதனையில் எங்கே சிக்கும்? அதை நிறுத்தியதும் படத்தில் முகங்கள் தெளிந்தன. பூமாரிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

திங்கள் காலை முதல் வேலையாக முனிரத்தினத்திடம் போய் நின்றாள். "சார், அந்த லெட்டரைத் திருப்பித் தந்துருங்க."

"இன்னாம்மா வெளாட்றியா? மேல கையெழுத்தாயி வந்துடுச்சு. உன் சீட்டுக்கு ஆளும் போட்டாச்சு."

"யாரு சார்?"

"உன் ரூம்ல கீதே, அந்தப் பொண்ணுதான். கனிஷ்கா."

அடுத்த வாரம் கண் பரிசோதனை வந்தது. கடைசி வரிப் பொடி எழுத்து வரைக்கும் பூமாரி கடகடவென்று படித்தாள். இந்தக் கம்பெனியிலேயே இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை என்றார் டாக்டர். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போனாள்.