குளிக்க இயலாத அருவி

மாதுங்காவிலிருந்து திருநெல்வேலி வரை மிதிவண்டியிலேயே செல்வது என்று நாங்கள் இருவர் புறப்பட்டபோது, "புனா சேருமுன்பே ரயிலேறித் திரும்பிவிடுவான்" என்று எங்கள் குடியிருப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் டிராம்பேயில் குமாஸ்தா. உடன் வந்தவர் தாராவியில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த தென்காசிக்காரர். அந்தச் சிரிப்பு சாலையெங்கும் என் பின்னால் வந்துகொண்டிருந்தது. சிர்சியைக் கடந்த மலைப்பாதையில் என் வலது முழங்கால் வீங்கியபோது, அது எனக்கு மிக அருகில் கேட்டது.

"பயப்படாதீரும்வே. பக்கத்துல ஜோக் அருவி இருக்காம். அடியில போயி நின்னம்னா தண்ணி அடிக்கிற அடில முட்டி வீக்கம் தானா எறங்கிரும்" என்றார் நண்பர்.

அவருக்கு அருவி என்றால் குற்றாலம்தான். ஆகையால் அருவியூரில் நாங்கள் தங்கிய பயணிகள் பங்களாவிலேயே, மாதுங்காவில் வாங்கிய நல்லெண்ணெயைத் தலைமுதல் கால்வரை தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டும் கையில் சீயக்காய்ப் பொட்டலமுமாக, மூடுபனியில் அருவி தெரியாததால் இரைச்சல் வந்த திசை நோக்கி நடந்தோம். நான் நொண்டினேன்.

பாதை ஒரு கம்பித் தடுப்பில் முடிந்தது. அப்பால் பெரும்பள்ளம். அதன் எதிர்க்கரையில், ஓர் ஆறு முழுவதும் பாறை விளிம்பிலிருந்து கால் தவறியதுபோல் விழுந்துகொண்டிருந்தது. கோட்டணிந்த கனவான்களும் பட்டுடுத்திய பெண்களும் அருவியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். காவலாளி சீயக்காய்ப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, இங்கே குளிக்கலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான் குளிக்க முடியும் என்று இந்தியில் சொன்னான்.

"வெறுமன பாக்கதுக்கா இம்புட்டுத் தண்ணிய விடுதான்? காலிபீலி எண்ணெ போச்சு!" என்று, வீணாய்ப் போனதைப் பம்பாய் பாஷையிலேயே நொந்துகொண்டார் நண்பர். எண்ணெய் வழிந்த கண்ணைத் திறக்க முடியாமல் நான் நின்றேன்.

பங்களாக் கிணற்றில் வாளி வாளியாக இறைத்துக் குளித்தோம். அதன்பின்தான் எனக்குத் தண்டனை தொடங்கிற்று. எண்ணெய்க் குளியல் எடுத்த நாளில் பயணம் கூடாது, பகலுறக்கமும் கூடாது. நண்பர் இவ்விரண்டிலும் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நாளைக்கிக் காலைல முழுசா குந்தி எந்திரிச்சீர்னா எங்கூட வாரும். இல்லன்னா தாளகுப்பாவுல ரயிலு இருக்கு. நொண்டிக்கிட்டு மலையேறுனா கால் போயிரும்வே."

அவர் பள்ளத்தின் அடிவரை இறங்கிச் சாரலிலாவது நனைந்து வருவதாகப் புறப்பட்டுவிட்டார். நான் வராந்தாவில் முழங்காலோடு தனித்திருந்தேன். மூடுபனி அருவியை மறைத்தது, காட்டியது, மீண்டும் மறைத்தது. காண்போர் வியந்து கூவினார்கள். எனக்கு அந்த நீர் முழுவதும், நிற்காமல் போய்க்கொண்டேயிருக்கும் ஒன்றாக மட்டுமே தோன்றிற்று. சங்கிலியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். முழங்காலை மடக்கிப் பார்த்தேன்; பாதியில் நின்றது. சற்று நேரம் பொறுப்போம் என்று எண்ணி, அந்தச் சற்று நேரத்தையும் பொறுக்காமல் மீண்டும் மடக்கினேன். மாலையில் நண்பர் தலை சொட்டச் சொட்ட, திருவிழாவுக்குப் போய்வந்தவர்போல் திரும்பினார். அவர்மேல் எனக்குக் காரணமற்ற கோபம் வந்தது.

விடிந்ததும் முற்றத்தில் என்னை நிறுத்தினார். குந்தினேன். முழங்காலுக்குள் ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்தேன் என்பது தெரியாதிருக்க வாயை நன்றாகத் திறந்து, "எப்படி?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன்.

அவர் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வண்டியிலிருந்த மூட்டையை அவிழ்த்துத் தம் மூட்டையின்மேல் வைத்துக் கட்டினார்.

"நான் முன்னால போறேன். மேட்டுல வலிச்சா மணிய அடியும். நின்னுருவோம். நின்னா ரயிலுதான், சரியா?"

"சரி ஓய்."

மேடு நெடியது. அருவியின் இரைச்சல் முதுகுப்புறம் தேய்ந்துகொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இருமுறை கட்டைவிரல் மணியின்மேல் போய் நின்றது. முன்னே, இரட்டை மூட்டையின் பாரத்தில் அவருடைய சட்டை முழுவதும் வியர்வையில் ஒட்டியிருந்தது.

மேடு முடிந்து இறக்கம் தொடங்கியபோதுதான் மணியை அடித்தேன். அவர் பதறி, காலூன்றி, கழுத்தைத் திருப்புமுன் நான் அவரைக் கடந்துவிட்டேன். திருநெல்வேலிச் சீமையின் வசைமொழிகள் அத்தனையும் காற்றோடு என்னைத் துரத்தி வந்தன.