ஓப்பல் நம்பாத எண்

விரல் ஒன்று படிவத்தின் "தேவைப்படும் தொகை" என்ற கட்டத்தை இரண்டு முறை தட்டுகிறது. கட்டத்தில் தொண்ணூறு டாலர் என்று இருக்கிறது. இன்னொரு கை அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டது.

அந்தக் கைகள் ஓப்பல் கோம்ப்ஸுடையவை. கிழக்குக் கென்டக்கியில் எங்கள் சமுதாயக் கல்லூரியின் அவசர உதவி நிதியைப் பதினாறு ஆண்டுகளாக அவள்தான் பார்க்கிறாள். ஊழியர்கள் சம்பளத்தில் ஆளுக்கு ஐந்து டாலர் விட்டுக்கொடுத்துச் சேர்ந்த நிதி. ஒருவருக்கு ஐந்நூறு வரை தரலாம். ஆனால் எங்கள் மலைப்பிள்ளைகள் யாரும் தேவையை முழுதாக எழுதமாட்டார்கள். கொஞ்சம் கேட்பார்கள். மீதிக்கு எதையாவது விற்பார்கள். அதுவும் போதாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். ஓப்பலும் இருபது வயதில் அப்படித்தான் நிறுத்தினாள். மறுபடி வகுப்பில் உட்காரப் பதினோரு வருடமாயிற்று. அதனால் அந்தக் கட்டத்து எண்ணை அவள் நம்புவதே இல்லை. கார் பட்டறையையோ வாடகை வீட்டின் உரிமையாளரையோ கூப்பிட்டுக் கேட்டுவிடுவாள்.

எதிரே இருந்தவள் ஷெல்பி நேப்பியர். செவிலியர் படிப்பில் கடைசிப் பருவம். கார் பட்டறையில் கிடந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நாற்பது மைல் தள்ளி மருத்துவமனையில் பயிற்சி. ஏற்கெனவே ஒரு நாள் போகவில்லை. இன்னொரு நாள் தவறினால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

"வெர்ன், நேப்பியர் பொண்ணு வண்டிக்கு மொத்தம் எவ்வளவுய்யா?" பட்டறைக்காரரிடம் கேட்டுவிட்டு ஓப்பல் போனை வைத்தாள். "நானூத்திப் பத்துங்கிறான். நீ தொண்ணூறுன்னு எழுதியிருக்க. மிச்சத்துக்கு என்ன பண்ணப்போற கண்ணு?"

"அப்பாவோட துப்பாக்கிய வித்துடலாம்னு இருக்கேன், மிஸ் ஓப்பல்."

"சாயங்காலத்துக்குள்ள யாரு வாங்குவா?"

ஷெல்பி தரையைப் பார்த்தாள். "என்னைவிடக் கஷ்டப்படுறவங்க யாராவது இருப்பாங்க. அவங்களுக்குக் குடுங்க."

"அந்த யாராவது காலையில இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தான். அவனும் இதையேதான் சொன்னான். நீங்க இப்படியே மாத்தி மாத்தி விட்டுக்குடுத்துட்டிருங்க, நான் ரிட்டயர் ஆயிடறேன்."

அடுத்த மேசையில் இருந்த நான் சிரித்துவிட்டேன். ஷெல்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொண்ணூறை அடித்துவிட்டு, நானூற்றுப் பத்து என்று எழுதினாள். எழுத்து சிறியதாகத்தான் இருந்தது.

தபாலில் போனால் காசோலை சேர ஐந்து நாளாகும். ஓப்பல் அதை அப்போதே அச்சடித்து, தன் கையெழுத்தைப் போட்டு, உணவுக்கூடத்துக்கு நடந்தாள். காசோலையில் இரண்டாவது கையெழுத்துப் போடவேண்டிய கல்லூரி டீன், பீன்ஸ் சூப்பில் சோள ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டு முடிச்சிடறேனே, ஓப்பல்."

"சூப்பு ஆறினா சுட வச்சிக்கலாம் சார். பட்டறைய அஞ்சு மணிக்கு மூடிடுவான்."

அவர் கையெழுத்துப் போட்டார். காசோலைமேல் விழுந்த ரொட்டித் துகளை ஓப்பல் ஊதிவிட்டாள்.

நான்கு மணிக்கு வகுப்பு முடியும்வரை காத்திருந்து, ஷெல்பியைத் தன் வண்டியிலேயே பட்டறைக்கு அழைத்துப்போனாள். ஐந்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. வெர்ன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓப்பலிடம் கை நீட்டினார்.

"என்கிட்ட ஏன்யா நீட்டுற? வண்டிக்காரி இங்க நிக்கிறால்ல?"

காசோலை இருந்த உறையை ஷெல்பியிடம் கொடுத்துவிட்டு ஓப்பல் ஓரமாக நகர்ந்தாள். ஷெல்பி நிமிர்ந்து, இரண்டு எட்டு முன்னால் போய், காசோலையை வெர்னின் கையில் வைத்தாள்.

"முழுசா இருக்கு, வெர்ன். சாவியக் குடுங்க."