அம்மாவுக்கு இல்லாத தாய்வீடு

என் அப்பா என் அம்மாவுக்குத் தாய்மாமன். அதாவது, அம்மாவைப் பெற்ற ஆயாவின் கூடப்பிறந்த தம்பி. ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் இப்படிக் கட்டிக்கொடுப்பதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பெண் கண்ணெதிரிலேயே இருப்பாள் என்பார்கள்.

ஆயா வீடு நல்லம்பள்ளிப் பக்கம். எங்கள் ஊர் ஒகேனக்கல் பஸ் போகும் பாதையில். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கை நீட்டுவார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு நாள் சோறு குழைந்துவிட்டதென்று அம்மாவை அடித்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு, தருமபுரியில் பஸ் மாறி, ஆயாவிடம் போய் அழுதார். ஆயா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவன் எங்கூடப் பொறந்தவன். அவன் மேலயே எங்கிட்ட குத்தம் சொல்ல வந்தியா? சாப்புட்டுட்டுக் கெளம்பு."

அம்மா சாப்பிடவில்லை. மாமாதான், அம்மாவின் தம்பி, எங்களோடு பஸ் ஏறினார். எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அடிக்கடி வருவார். அவர் இருக்கும்போது அப்பாவின் குரல் உயராது. ஆடிப் பதினெட்டுக்கு எங்களை ஒகேனக்கல் கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கித் தருவார். அம்மா சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.

நான் வயதுக்கு வந்தபோது சீர் கொண்டுவந்தவரும் அவரே. அவருக்குத்தான் நான் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். எழுபதுகளின் நடுவில் ஆயா மாமாவையும் அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார். அப்பா சரி என்றார். அம்மா முடியாது என்றார். அப்பாவை அவர் எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நாளைக்கு இவளுக்கு ஒரு சண்டைன்னா எங்கிட்ட ஓடி வரணுங்க. நான் அவனுக்கு அக்கா. எந்தப் பக்கம் பேசுவேன்? இவளுக்குன்னு ஒரு வூடு இருக்கட்டும்."

மாமா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னையும் அவரு மாதிரின்னு நெனச்சுட்டயாக்கா?"

அம்மா தலை குனிந்து நின்றார். மாமா அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் கல்யாணத்துக்கும் வரவில்லை; தூரத்துச் சொந்தம் ஒருவர் மாமன் முறை செய்தார்.

எனக்கு வாய்த்தவர் அசலூர்க்காரர், சாது. அம்மாவிடம் ஓடிவர வேண்டிய நிலை எனக்கு வரவேயில்லை. அங்கே, மாமா வராத வீட்டில், அப்பா மறுபடி கை நீட்ட ஆரம்பித்திருந்தார். அம்மா என்னிடம் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரியும்.

சில வருடம் கழித்துத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அம்மாவும் நானும் மாமாவைப் பார்த்தோம். தோளில் குழந்தை. நிறைமாதமாக இருந்த மனைவிக்காக நின்று நின்று நடந்தார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். அவன் நல்லவன்னு எனக்கு அப்பவே தெரியும். அதை அவங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார் அம்மா.

மாமா எங்களைப் பார்க்காமலே சேலம் பஸ்ஸில் ஏறிப் போனார்.