இஸ்திரி போடாத தாளம்

என் வீட்டுக்காரர் ரொட்டி வண்டி ஓட்டுகிறார். ஊர் எழுவதற்கு முன்பே கிளம்பி, கடை கடையாக ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு, மதியம் வீடு வந்து சேரும்போது அடித்துப் போட்டது மாதிரி இருப்பார். நான் ஒரு துணிக்கடையின் பின்பக்க அறையில் ஆல்டரேஷன் தைப்பவள். சாயங்காலமானால் எனக்கும் இடுப்பு கழன்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் ஒரே காரணம்தான்: களைப்பு. பால் பொங்கி வழிந்ததா, களைப்பு. சொந்தக்காரர் போனை எடுக்கவில்லையா, களைப்பு.

டிப்போவில் அவருக்கு டம்டம் என்று பேர். ஸ்டியரிங், சாப்பாட்டு மேசை, குளியலறை வாளி, என் முதுகு, எது கிடைத்தாலும் தட்டுவார். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை, சொந்தமாக ஒரு டிரம் வாங்கியதும் இல்லை. அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்தவன் என் தம்பி. அவன் பாட்டுப் பைத்தியம். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி, எங்களைக் கேட்கவைத்துக் கொல்லுவான். ஒருநாள் பழைய கணினி ஒன்றையும் சின்ன கீபோர்டு ஒன்றையும் தூக்கிவந்து, படுக்கையறையில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இறக்கினான்.

"மாமா, இனிமே என் பாட்டுக்கெல்லாம் நீங்கதான் டிரம்ஸ். இந்தக் கட்டையை அமுக்குனா தும். இதை அமுக்குனா சிக். அவ்ளோதான்."

தும் இடக்கைக்கு, சிக் வலக்கைக்கு. அவர் அமுக்குவது ஒவ்வொன்றும் திரையில் ஒரு சின்னக் கட்டமாக விழும். மேல் வரிசை சிக், கீழ் வரிசை தும். செங்குத்தாக நிற்கும் கோடுகள்தான் தாளம். கட்டம் கோட்டின் மேல் உட்கார்ந்தால் சரி. வலப்பக்கம் தள்ளி விழுந்தால் அடி பிந்திவிட்டது. தள்ளி விழுந்ததையெல்லாம் இழுத்துக் கோட்டில் உட்காரவைக்க ஒரு பட்டனும் உண்டு. தம்பி அதற்கு குவான்டைஸ் என்று என்னமோ சொன்னான். நான் இஸ்திரி என்று பேர் வைத்தேன். சுருக்கமெல்லாம் போய்விடுகிறதே.

கொஞ்ச காலம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கண் சொருகினாலும் ஒரு பாட்டுக்காவது தட்டிவிட்டுத்தான் படுப்பார். பிறகு தும் பிந்த ஆரம்பித்தது. வயர் சரியில்லை என்றார். வயரை மாற்றினான் தம்பி. கம்ப்யூட்டர் கிழம் என்றார். அதிலும் எதையோ திருகிப் பார்த்தார்கள். கடைசியில் வழக்கம்போல் பழி களைப்பின் தலையில் விழுந்தது. தட்டுவார், இஸ்திரி போடுவார், படுத்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் சட்டையின் வலது கையை மட்டும் முழங்கைவரை சுருட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். இடது கையில் பட்டன் ஒழுங்காகப் போட்டிருக்கும்.

"ஒரு கை ஆபீசர், ஒரு கை ரவுடியா? தையல்காரி புருஷன்னு வெளியில சொல்லிடாதீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவருக்கு விடுப்பாக இருந்த ஒரு நாள், முகத்தில் வெயில் அடிக்கும்வரை தூங்கி எழுந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் தெளிவாக இருந்தது. தம்பி புதுப் பாட்டோடு வந்தான்.

"இதுக்கு இஸ்திரி வேணாம் மாமா. மெஷின் அடிச்ச மாதிரி இருக்கு. உங்க கை எப்படி விழுதோ அப்படியே விடுங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் தட்டினார். நான் ஒரு கால்சட்டையின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். மேல் வரிசை கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கீழ் வரிசையில் ஒரு கட்டம்கூடக் கோட்டில் இல்லை. நாளெல்லாம் சாக்பீஸ் கோட்டையும் தையலையும் பார்க்கிற கண் இது. ஒன்றிரண்டு தையல் விலகினால் கவனக்குறைவு. எல்லாம் ஒரே பக்கமாக விலகினால் கோளாறு வேறு.

"கம்ப்யூட்டர் ஸ்லோக்கா" என்றான் தம்பி.

"ஸ்லோன்னா மேல் வரிசையும்தானடா தள்ளி விழணும்?"

அவர் கைகளைக் குறுக்கே மாற்றி வைத்தார். வலக்கை தும் மேல், இடக்கை சிக் மேல். அதே தாளத்தை மறுபடி தட்டினார். இந்த முறை தும் எல்லாம் கோட்டில் உட்கார்ந்தது. சிக் தள்ளித் தள்ளி விழுந்தது.

"நான் போய் டீ போடறேன்" என்று தம்பி எழுந்துபோனான். எங்கள் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"களைப்புதான்" என்றார் அவர்.

"இவ்ளோ நேரம் தூங்கிட்டு எந்திரிச்சிருக்கீங்க. இன்னிக்கு என்ன களைப்பு?"

அவர் இஸ்திரி பட்டனை அமுக்கினார். கட்டங்கள் எல்லாம் நல்ல பிள்ளைகளாகக் கோட்டில் வந்து நின்றன. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "அதை அமுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்ததும்தான் அது ஆத்திரம் இல்லை, பயம் என்று தெரிந்தது.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கியர் போடறப்பவும் இப்படித்தான். நான் நினைச்சதுக்கு அப்புறமா கை போகுது. டாக்டர்கிட்ட போனா இதுக்கு ஒரு பேர் சொல்லுவாரு. பேர் சொல்லிட்டா வண்டிச் சாவியை வாங்கி வெச்சுக்குவாங்க. வண்டி ஓட்டாம நான் என்ன பண்றது சொல்லு?"

வாயாடி என்று பேர் வாங்கியவள், மடியிலிருந்த துணியைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நேத்து ஒரு அம்மா குழந்தையைக் கூட்டிக்கிட்டு ரோட்டைக் கடந்துச்சு" என்றார். "நல்ல தூரத்துலயே பார்த்துட்டேன். ஒண்ணும் ஆகலை. ஆனா இன்னும் கொஞ்சம் கிட்டத்துல வந்திருந்தா? பிந்துனதை இழுத்துவிட அங்க பட்டன் கிடையாது."

போட்ட இஸ்திரியை அவரே கலைத்தார். கட்டங்கள் மறுபடி அதனதன் இடத்துக்குத் தள்ளிப் போயின. "இதை இப்படியே வெச்சுக்கச் சொல்லு அவனை" என்று எழுந்தார்.

அலமாரியிலிருந்து முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டினார். வெகு நேரம் ஆனது. நான் திரும்பிப் பார்க்காமல் ஊசியில் நூல் கோக்கிறவள்போல் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் முன்னால் வந்து நின்று வலது கையை நீட்டினார். சட்டைக் கை திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. வலது கைப் பட்டனை இடது கைதானே போட வேண்டும்.

"இதைக் கொஞ்சம் போட்டு விடேன்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பட்டனைப் போட்டு, இழுத்துச் சரிசெய்து, செருப்பை மாட்டிக்கொண்டேன். தம்பி போட்ட டீ அடுப்படியிலேயே ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் வீட்டுக்கு நடந்தே போனோம். வழியில் ஒரு தகரக் கதவு, ஒரு தபால் பெட்டி, கம்பி வேலி எல்லாம் வந்தன. அவர் எதையும் தட்டவில்லை.