ஊறுகாய் ஜன்னல்

மினேகுரா கோட்டையைச் சுற்றிக் காட்டும் ஃபுசாயே, எந்தக் கூட்டம் வந்தாலும் முதல் படியிலேயே உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாள்.

"இந்தக் கோபுரம் என்னைவிடப் பத்து வயசு சின்னது. ஆனா வெள்ளையடிச்சு விரிசலை மறைக்கறதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

மரத்தால் கட்டிய பழைய கோபுரத்தை மெய்ஜி காலத்தில் இடித்து விறகாக்கிவிட்டார்கள். அப்புறம் எண்பது வருஷம் அங்கே புல்தான் முளைத்தது. 1958இல் ஊரார் கூடி, அதே கல் மேடையில் கான்கிரீட்டில் ஐந்து மாடி எழுப்பினார்கள். அதற்கு ஜல்லி ஏற்றி வந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் ஃபுசாயேயின் அப்பா.

ஃபுசாயே வாலிபத்தில் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்தவள். மலைவளைவுகளில் பயணிகளுக்குக் குமட்டாமல் இருக்க, கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு மணிக்கணக்காகப் பேசியே பழகிய வாய். முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் கழித்த பிறகும் அந்த வாய் ஓயவில்லை. கடைசியில் அவர்தான் சொன்னார்: "கோட்டைக்கு ஆள் தேடறாங்களாம். நீ போ. எனக்குப் பழசானது அவங்களுக்குப் புதுசா இருக்கும்."

அறுபதாவது வயதில் கோட்டையில் வழிகாட்டியாகச் சேர்ந்தாள்.

சம்பளமில்லாத அந்த வழிகாட்டிகளுக்குத் தலைவர் குரேபயாஷி. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். ஊரில் எல்லாரும் அவரை 'சென்செய்', அதாவது வாத்தியார், என்றுதான் அழைப்பார்கள். ஆவணத்தில் இல்லாத ஒரு சொல் வாயிலிருந்து வரக்கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி.

ஒரு மழைநாளில் ஃபுசாயே அந்த விதியை மீறினாள். பக்கத்து ஊர் முதியோர் சங்கத்துக் கூட்டம் அது. போர், முற்றுகை எதைச் சொன்னாலும் கொட்டாவிதான் பதில். நாலாவது மாடியில் ஒரு கிழவி நின்று, "இந்த ஜன்னல்ல ஓடு தவிர ஒண்ணும் தெரியலையே. இத எதுக்கு வச்சாங்க?" என்று கேட்டாள்.

எதற்கென்று ஃபுசாயேவுக்குத் தெரியும். கட்டும்போது அங்கே கழிப்பறை வைப்பதாக இருந்தது. தண்ணீர் மேலே ஏறவில்லை. கழிப்பறை கீழே போய்விட்டது, ஜன்னல் மட்டும் தங்கிவிட்டது. அதைச் சொன்னால் இன்னொரு கொட்டாவி வரும்.

"ஆறாவது பிரபுவுக்கு உப்பு ஆகாதுன்னு வைத்தியர் சொல்லிட்டார்," என்று ஆரம்பித்தாள். "அவருக்கோ முள்ளங்கி ஊறுகாய்னா உயிர். நாத்தத்த மறைச்சாலும் கறுக் முறுக் சத்தத்த எப்படி மறைக்கறது? அவரோட அம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை. அதனால இந்த ஜன்னல் வழியாத் தலைய வெளிய நீட்டித்தான் மென்னார்."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஒருவர் விடாமல் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

இரண்டே வருஷத்தில் கதை ஊரெல்லாம் பரவியது. கோட்டை வாசலில் இருந்த ஊறுகாய்க் கடை, ஜன்னலில் தலை நீட்டிய பிரபுவின் படத்தைப் பொட்டலத்தில் அச்சடித்தது. படத்துக்குக் கீழே கதையையும் போட்டது.

சென்செய் அந்தப் பொட்டலத்தை ஃபுசாயேயின் முகத்துக்கு நேரே ஆட்டினார். "அந்த ஜன்னல் கான்கிரீட்! பிரபு செத்து நூத்தியெழுபது வருஷம் கழிச்சு வச்சது!"

"பழைய கோபுரத்துலயும் ஒண்ணு இருந்திருக்கலாமே, சென்செய்."

"வரைபடத்துல இல்ல."

"வரைஞ்சவர் அந்த அம்மாவுக்குப் பயந்திருப்பார்."

அன்றிலிருந்து அவள் நாலாவது மாடியில் எங்கும் நிற்காமல் கூட்டத்தை ஓட்டிக்கொண்டே போக வேண்டும் என்று உத்தரவு.

கோபுரத்தின் அறுபதாம் ஆண்டு விழா வந்தது. பழைய பிரபுக்களின் வாரிசை யொகொஹாமாவிலிருந்து அழைத்திருந்தார்கள். தோகிவா மிட்சுதேரு, பல் மருத்துவர், கூச்ச சுபாவி. சென்செய் முன்னே நடக்க, ஃபுசாயே சுற்றிக் காட்டினாள். நாலாவது மாடியில் அவள் தலையைக் குனிந்து வேகமாகக் கடந்தபோது, மருத்துவர் நின்றுவிட்டார்.

"ஊறுகாய் ஜன்னல் இதுதானே? எங்க தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

சென்செய் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஃபுசாயேவுக்கு ரத்தம் கொதித்தது. தன் சொந்தப் பொய்யை, தன் கண் எதிரிலேயே ஒருவன் தாத்தா சொத்தாக்கிக்கொண்டு போகிறான்! சென்செயை ஓரமாக இழுத்துக் கிசுகிசுத்தாள்: "அது நான் விட்ட கதை!"

"ஃபுசாயே-சான்," என்றார் அவர், இரக்கத்தோடு. "ஒரு குடும்பத்தோட பாரம்பரியத்துக்குக்கூடப் பங்கு கேக்கணுமா? எங்கயோ காதுல விழுந்திருக்கும். நீங்க மறந்திருப்பீங்க."

இறங்கும்போது அவள் மருத்துவரைத் தனியாக லிஃப்டில் ஏற்றிக் கதவை மூடினாள்.

"எந்தத் தாத்தா?"

மருத்துவரின் காது சிவந்தது. "காலைல கடைல பொட்டலம் வாங்கினேன். அதுல படிச்சேன்." குரல் தாழ்ந்தது. "வந்ததுலேர்ந்து எல்லாரும் 'உங்க வீட்டுக் கதை ஏதாவது சொல்லுங்க'ன்னு கேக்கறாங்க. எங்க தாத்தா கோட்டையப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல. பேஸ்பால் மட்டும்தான். வெறுங்கையோட நிக்க வெக்கமா இருந்துது. கதை உங்களோடதா?"

"என்னோடதுதான்."

"மன்னிச்சிடுங்க. மேல போய் உண்மையச் சொல்லிடறேன்."

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுடைய கோபம் புஸ்ஸென்று போய்விட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேணாம். தாத்தா சொன்னதாவே இருக்கட்டும். நான் சொன்னதவிட எடுப்பா இருக்கு."

கீழே கதவு திறந்தபோது இருவருக்கும் கண்ணில் நீர் கட்டியிருந்தது. விழாவில் உருகிப்போய்விட்டார்கள் என்று மேயர் நினைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் பலகை வந்தது. 'தோகிவா குடும்ப மரபின்படி' என்று தொடங்கும் அதை எழுதியவர் சென்செய். ஃபுசாயேவுக்கு மறுபடி அங்கே நிற்க அனுமதி கிடைத்தது. இது தானே கட்டிவிட்ட கதை என்று அவள் கூட்டத்திடம் ஒளிக்காமல் சொல்வாள். யாரும் நம்பவில்லை. பலகையைக் காட்டி அவளுக்கே விளக்கினார்கள்.

எழுபத்திரண்டாம் வயதில், முழங்கால் ஒத்துழைக்காததால் அவள் வழிகாட்டும் வேலையை நிறுத்திக்கொண்டாள். கடைசி நாளன்று ஐந்தாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தவள், கீழே சென்செய் ஒரு கூட்டத்திடம் பேசுவதைக் கேட்டாள்.

"ஊறுகாய் மட்டுமில்ல," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "உப்பு போட்ட பிளம் பழமும் உண்டு. கொட்டைய இங்கேர்ந்து காவல்காரன் தலைல துப்புவாராம்."

ஃபுசாயே படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. காவல்காரனின் பெயர் என்ன என்று மட்டும் மேலிருந்து குரல் கொடுத்தாள்.

கீழே சென்செய் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெயர் சொன்னார்.