மிருகத்தின் பின்னங்கால்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. பத்தொன்பது வயதில் அவர் மூன்று வாரம் ஒரு மிருகத்தின் பின்பாதியாக இருந்தார். முன்பாதி அவருடைய அண்ணன்.

அது குழந்தைகளுக்காக எடுத்த மாயாஜாலப் படம். மூன்று பிள்ளைகள் ஏழு கதவுகள் உள்ள குகைக்குள் போவார்கள். கடைசிக் கதவைக் காக்கும் மிருகம் முதலில் அவர்களை விரட்டும், பிறகு சிநேகமாகும், முடிவில் அவர்களைக் காப்பாற்றப் போய்த் தீயில் சாகும். மிருகத்தின் உடுப்பைப் பஞ்சும் கம்பளியும் கோந்தும் வைத்துச் செய்திருந்தார்கள். ஸ்டூடியோவில் பலகை சுமந்துகொண்டிருந்த அண்ணனையும் தம்பியையும், உயரம் ஒத்துப்போகிறது என்று உள்ளே நுழைத்தார்கள். வெளியே வர ஒரே வழிதான். பின்னால் இருப்பவரின் வயிற்றுக்குக் கீழே ஒரு வரிசைக் கொக்கி.

தீக் காட்சி எடுத்த அன்று பந்தம் சரிந்து கம்பளி பற்றிக்கொண்டது. மிருகம் துடிதுடித்துச் செத்ததைக் கேமரா முழுதாகப் பிடித்துவிட்டது. மறுபடி எடுக்க உடுப்பு மிச்சமில்லை என்பதால் டைரக்டர் அதை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார். நடிப்பு பிரமாதம் என்று பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஒரு கண் போயிற்று, மற்றதில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. நினைவு திரும்பியபோது தம்பிதான் கட்டில் பக்கத்தில் இருந்தார். நான் எப்படி வெளியே வந்தேன் என்று அண்ணன் கேட்டார். நான்தான் இழுத்தேன் என்றார் தம்பி.

இழுத்தது ஒரு லைட்மேன். மிருகத்தின் கழுத்தைக் கத்தியால் கிழித்து அண்ணனைத் தூக்கி வெளியே போட்டவர் அவர். அந்தப் படம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஸ்டூடியோவிலிருந்து மற்றவர்கள் யாரும் அண்ணனைப் பார்க்க வரவில்லை, சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

சொன்ன பொய்க்குத் தம்பி உழைத்துத்தான் விலை கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்து, கிரீஸ் கறையோடு வந்து, சம்பளத்தை அண்ணி கையில் கொடுத்தார். அண்ணி மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தன் சாப்பிடாமல் அவர் சாப்பிட்டதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன், இந்த உயிர் என் தம்பி போட்ட பிச்சை என்பார். தம்பி தலையைக் குனிந்துகொள்வார். எவ்வளவு அடக்கம் என்று வந்தவர்கள் மெச்சிக்கொண்டு போவார்கள். முப்பத்து நான்கு வருஷம் இப்படியே ஓடியது.

அப்புறம் அந்தப் படத்தைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கி யாரோ இணையத்தில் போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் கருத்து எழுத ஆரம்பித்தார்கள். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். அண்ணன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து கேட்பார். ஒருவர், அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த படம், அப்பா இப்போது இல்லை என்று எழுதியிருந்தார். இன்னொருவர், இப்போது வரும் படங்களில் கம்ப்யூட்டர்தான் நடிக்கிறது, அந்த மிருகத்துக்குள் உயிர் இருந்தது என்று எழுதியிருந்தார். அதை மட்டும் அண்ணன் மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

இரண்டாவது வாரம் ஒருவர் அந்தக் காலைக் கண்டுபிடித்தார். மிருகம் செத்துக்கொண்டிருக்கும்போது வயிற்றுக்குக் கீழே பேன்ட் போட்ட ஒரு மனிதக் கால் நீண்டு வருகிறது. பழைய மங்கல் பிரதியில் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது நகம் வரை தெரிந்தது. ஆயிரக்கணக்கில் சிரித்தார்கள். ‘ஐந்து கால் அதிசயம்’ என்றார்கள். ‘அழுதுக்கிட்டிருந்தேன், இந்தக் காலைப் பார்த்ததும் டீ மூக்குல ஏறிடுச்சு’ என்று ஒருவர் எழுதினார். லிஃப்ட் கம்பெனியில், அது மெக்கானிக்கின் கால் என்று தெரிந்த யாரோ அந்தக் காட்சியை அச்செடுத்துக் கருவிப் பெட்டி மேலே ஒட்டினார்கள். சூப்பர்வைசர் பேன்ட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினார்.

வீட்டில் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் உயிரைக் காப்பாத்தின காலைப் பார்த்துச் சிரிக்கிறானுங்க, விவரம் கெட்டவனுங்க என்றார்.

அன்றிலிருந்து மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோனை ஒளித்துவைக்கலாமா என்றுகூட யோசித்தார். அதற்குள் வேலைவெட்டி இல்லாத ஒரு ரசிகர் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நீளமாக எழுதிவிட்டார். அண்ணி வழக்கம்போல் படித்துக்கொண்டு போனார். படிக்கிறது என்ன என்று அவருக்கு உறைப்பதற்குள் பாதிக்கு மேல் படித்தாயிற்று.

“பின்னாடி இருந்தவன் கால் வருது, அப்புறம் முழுசா வெளிய வந்து ஓடிடுறான். திரும்பிக்கூடப் பார்க்கல. ஆனா மிருகத்தோட தலை அதுக்கப்புறமும் பதினொரு செகண்ட் ஆடுது. அப்படின்னா முன்னாடி ஒருத்தன் உள்ளேயே இருந்திருக்கான். நாம நடிப்புன்னு நெனச்சு அழுதது அதைப் பார்த்துத்தான்.”

அண்ணி நிறுத்தினார். கீழே சிரிப்புக் குறிகள் குவிந்திருந்தன.

அண்ணன் படத்தை டிவியில் போடச் சொன்னார். அந்த இடம் வந்ததும், எனக்குத்தான் கண் தெரியாதே, நீ பார்த்துச் சொல்லு என்றார். அண்ணி வாயைத் திறந்தார். நீ இல்லை, அவன் சொல்லட்டும் என்றார் அண்ணன்.

மெக்கானிக் டிவிக்கு முன்னால் நின்றார்.

“கால் வெளிய வருது” என்றார்.

“அப்புறம்?”

“ஆள் வெளிய வர்றான். ஓடுறான்.”

“எந்தப் பக்கம்?”

“கதவுப் பக்கம்.”

“இப்ப?”

“தலை ஆடுது.”

“இப்ப?”

“ஆடுதுண்ணா.”

அது நிற்கும்வரை அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். நின்ற பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னார். மெக்கானிக் அழுதார், காலில் விழுந்தார். காலை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தூக்கிவிடவும் இல்லை அண்ணன். இன்னொரு தடவை என்றார்.

அடிப்பார், வீட்டை விட்டுத் துரத்துவார் என்று எதிர்பார்த்திருந்தார் மெக்கானிக். இரண்டும் நடக்கவில்லை. இனிமேல் கருத்துகளைத் தம்பிதான் படிக்க வேண்டும் என்றார் அண்ணன், அவ்வளவுதான். படிப்பதற்கு முன்னால் ஒன்று எழுதவும் சொன்னார். அண்ணன் சொல்லச் சொல்ல, மெக்கானிக் தடித்த விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். ‘முன்னாடி இருந்தது நான். இன்னும் செத்துப்போகலை.’ அரை மணி நேரத்தில் பதில்கள் வந்தன. பெரியவரே கதை விடாதீங்க என்றார்கள். இதே மாதிரி நாலு பேர் கிளம்பியாச்சு என்றார்கள். இப்போது உன் பெயரில் எழுது என்றார் அண்ணன். ‘ஓடினவன் நான்தான். அப்போ வயசு பத்தொன்பது. உள்ளே விட்டது என் அண்ணனை.’ அதை எல்லாரும் உடனே நம்பினார்கள்.

பதில்கள் கொட்டின. கூடப்பிறந்தவனை விட்டுட்டு ஓடினியா, சோறு எப்படி இறங்குது என்று கேட்டார்கள். உன்னை அந்த உடுப்புக்குள்ளே போட்டு மறுபடி கொளுத்தணும் என்றார்கள். தினம் ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்து, கை கழுவி, அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து மெக்கானிக் உரக்கப் படித்தார். ஒருநாள் ஒரு பெண் எழுதியிருந்தார்: பத்தொன்பது வயசுப் பையன், தீ பிடிச்சா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க, பாவம். அதை மட்டும் மெக்கானிக் மெதுவாகப் படித்தார்.

“நல்லதா எழுதினவங்களை விட்டுட்டுப் படி” என்றார் அண்ணன்.

அண்ணி ஒருநாள் சமையலறையில் அவரைத் தனியாகப் பிடித்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று மெக்கானிக் நினைத்தார். நீங்க இழுத்திருந்தா இவர் விரல் முழுசா இருந்திருக்கும், எனக்கு ஒரு பிள்ளைகூடப் பிறந்திருக்கும் என்றார் அண்ணி. சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. வேறு ஏதோ பழைய படம் வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். புதிதாக ஒன்றும் இல்லை என்று சொன்ன அன்று அண்ணனின் முகம் தொங்கிப்போயிற்று. இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

மூன்றாம் நாள் மெக்கானிக் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புதுசா ஒண்ணு வந்திருக்கு என்று சொல்லிப் படித்தார்.

“பின்னாடி இருந்தவன் குனிஞ்சு நடக்கும்போது முன்னாடி இருந்தவனோட பெல்ட்டைத்தான் பிடிச்சிருப்பான். தீ பிடிச்சப்போ ரெண்டு கையிலயும் பெல்ட் இருந்திருக்கும். அப்படியே பின்னால இழுத்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே வெளிய விழுந்திருப்பாங்க. அவன் விட்டுட்டான். விடுறோம்னு தெரிஞ்சுதான் விட்டான்.”

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். ஃபோன் அணைந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியில் மெக்கானிக்கின் முகம்தான் தெரிந்தது. அண்ணி மறுபடி துணி மடிக்கப் போனார்.

அண்ணன் ஒட்டிய விரல்களால் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

“பெல்ட் தளர்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கு” என்றார். “கொக்கியைக் கழட்டத்தான் நீ கையை எடுத்தேன்னு இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன். சீக்கிரம்டா, சீக்கிரம்டான்னு உன்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்.”

மெக்கானிக் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார்.

“நல்லா எழுதியிருக்கான்” என்றார் அண்ணன். “நாளைக்கும் எழுதுவானா பாரு.”

மறுநாள் ஒரு கட்டடத்தில் கயிறு மாற்றும் வேலை இழுத்துவிட்டது. மெக்கானிக் வீடு வந்து சேர ஆறரை ஆகிவிட்டது. அண்ணன் நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.