அண்ணியின் மூன்றாவது கத்தி

அண்ணி மோதிரத்தைக் கழற்றிச் சோப்புக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஊறவைத்த சாணைக்கல்லைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறார். குளியலறை ஜன்னலோரம்தான் அவருடைய பட்டறை. ஒரு முக்காலி, ஒரு ஈரத் துண்டு, பிடிக்குள் மடங்கும் பழைய சவரக்கத்தி ஒன்று. வாரம் முழுக்கத் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்திய கை, இங்கே வந்ததும் குழந்தைக்கு நகம் வெட்டுகிற கையாகிவிடும்.

இந்தக் கத்தி தீட்டும் வேலையில் இறங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய முதல் கத்தியைத் துரு போகட்டும் என்று சக்கரச் சாணையில் பிடித்தார். சூடேறி, இரும்பு நீலம் பாரித்து, பதம் போய், வெண்ணெய் தடவக்கூட லாயக்கில்லாமல் ஆனது. இரண்டாவதைக் காய்கறிக் கத்தி மாதிரி முதுகைத் தூக்கிப் பிடித்துத் தீட்டி, வெட்டும் வாயைக் கெடுத்தார். சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியவேண்டும் என்பது பிறகுதான் தெரிந்ததாம். "கத்தி பாட்டுக்கு ஒழுங்காத்தான் இருந்துச்சு தம்பி. நான்தான் அதுக்குப் பாடம் எடுக்கப் போனேன்" என்று தன்னையே கிண்டலடித்துக்கொண்டார்.

மூன்றாவது அவருடைய அப்பாவுடையது. பல வீடு மாறி, துருவேறி வந்து சேர்ந்தது. அவர் கை பட்ட பொருள் என்று அண்ணியிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. துரு வாய்வரை அரித்திருந்தது. உள்ளே நல்ல இரும்பு இருக்கிறதா என்று தீட்டினால்தான் தெரியும், தீட்டப்போய் அதுவும் உதிரலாம். ஒரு மாதம் அதைத் தொடாமலே அலமாரியில் வைத்திருந்தார்.

தொட்ட பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. துரு நீங்கிய முதுகில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. வலது கையால் இழுத்தால் கத்தி கல்லின்மேல் ஆடியது. கோணல் கத்தி, விட்டுவிடுங்கள் என்றேன். அண்ணி இடது கைக்கு மாற்றி ஒருமுறை இழுத்தார். ஆட்டம் நின்று, கத்தி கல்லோடு அப்படியே படிந்தது.

"கோணல் இல்ல தம்பி. அப்பா இடது கைக்காரரு."

நாற்பத்தாறு வயதில், அந்த ஒரு கத்திக்காக இடது கையால் தீட்டக் கற்றுக்கொண்டார். தீட்டியதும் வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். கூரான இடம் கண்ணுக்கே தெரியாது, மழுங்கிய இடம்தான் மினுங்கும். நுனியருகே ஊசிமுனை அளவு மினுக்கம் ஒன்று மூன்று வாரம் அடம்பிடித்தது. தினமும் "இன்னும் பத்து இழுப்பு" என்பார்.

"பத்து பத்துன்னு கத்தியையே கரைச்சுடப்போற" என்றார் அண்ணன்.

"எனக்கும் அந்தப் பயம்தாங்க" என்றார் அண்ணி, கல்லிலிருந்து கண்ணெடுக்காமல். அண்ணன் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மினுக்கம் மறைந்தது. கத்தியைத் தோல்வாரில் இருபுறமும் உருவி, தன் தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டுக் கத்தியின் வாயால் தொட்டார். முடி சத்தமில்லாமல் இரண்டானது. நான் கைதட்டினேன். அண்ணிக்கு மட்டும் திருப்தியில்லை.

"முடி அறுந்தா ஆச்சா? முகத்துல ஓடணும். அதுக்குத்தானே அப்பா வச்சிருந்தாரு."

சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் துடைத்த கத்தியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். இரண்டு கத்தியைக் கெடுத்த கை. யாரிடம் போய் முகத்தைக் கேட்பார்?

அண்ணன் ஊசி போடவே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டிய ஆள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோனார். முகத்தை நனைத்து, நுரையைத் தானே அப்பிக்கொண்டு வந்து அண்ணியின் முன்னால் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை முழுக்கத் தெரியும்படி முகவாயை உயர்த்திக் கொடுத்தார்.